அத்தை உட்கார்ந்து பார்த்த கார்கள்

கார் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றே ஒன்றுதான். மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போகாதீர்கள். மைலேஜ் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பூட் சின்னதாக இருந்தால் பையைக் குறைத்துக்கொள்ளலாம். மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தால் அதற்கு எந்தக் கம்பெனியிலும் மருந்து கிடையாது.

என் மாமியார் பெயர் காளியம்மை. மட்டாஞ்சேரியில் பிறந்து மட்டாஞ்சேரியிலேயே வளர்ந்தவர். அவருடைய அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கொச்சிக்கு முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தார். அவருக்குப் பின் மகளும் அதே வேலைக்கு வந்து, கார்ப்பரேஷனில் தெரு கூட்டி, இப்போது பென்ஷன் வாங்குகிறார். என் மாமனார் ஆறுச்சாமி இறந்து பல வருடம் ஆகிறது. அத்தை எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், திட்டும்போது இரண்டும். ஊருக்குள் எங்கே போவதானாலும் நடை. எர்ணாகுளம் போக வேண்டுமென்றால் படகு. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போய் “ஏறுங்க அத்தை” என்றால், “நீங்க போங்க மாப்ள, நான் வந்திருவேன்” என்பார். பெரும்பாலும் எனக்கு முன்னால் வந்துவிடுவார். யூதர் தெருவான ஜூ டவுன் வழியில் டூரிஸ்ட் கூட்டத்தில் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போகிறவனுக்குத்தான் அந்த அவமானம் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்பதை இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அத்தைக்கு மாடத்தி என்று ஒரு தங்கை, மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். அந்தச் சித்தியின் புருஷன் திடீரென்று இறந்துபோனார். நான் அன்றைக்கு, வேலை பார்க்கிற கிடங்குக்காக ஏலக்காய் வாங்க வண்டன்மேட்டில் இருந்தேன், என் மனைவி சுமா காய்ச்சலில் கிடந்தாள். செய்தி வந்ததும் அத்தை தனியாக பஸ் ஏறினார். நேரியமங்கலம் பாலம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வாந்தி. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. கண்டக்டர் பயந்துபோய் ஒரு சாயாக் கடை வாசலில் இறக்கிவிட்டார். அங்கே பெஞ்சில் படுத்துக் கிடந்தார். அவர் எழுந்து உட்கார்ந்தபோது மேலே அடக்கமே முடிந்துவிட்டது. அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் நானும் சுமாவும் போனோம். அத்தை படுக்கையைவிட்டு எழவில்லை. “எனக்கு வய்யா, முடியல. நீங்க போயிட்டு வாங்க” என்றார். நாங்கள் போய் அழுது, இருந்து, திரும்பினோம். கூடப்பிறந்த அக்கா மட்டும் வரவில்லை.

எங்கள் ஆட்களிடம் இது சாதாரண விஷயம் இல்லை. சாவு வீட்டுக்கு நேரில் போய்த் துக்கம் கேட்பதைத் துட்டி கேட்பது என்போம். அன்றைக்கு முடியவில்லையென்றால் பின்னால் ஒரு நாள் போய்க் கேட்க வேண்டும். போனில் கேட்பது கணக்கில் சேராது. துட்டி கேட்காத வீட்டுக்கு நல்ல காரியத்துக்குப் போக முடியாது, அவர்களும் கூப்பிட மாட்டார்கள். அத்தை ஒரு தடவை போன் செய்து பார்த்தார். சித்தி வாங்கிப் பேசவே இல்லை. இதில் இன்னொரு முள் என்னவென்றால், ஆறுச்சாமி மாமா இறந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக ஜீப் பிடித்து மலையிறங்கி முதல் ஆளாக வந்து நின்றவர் மாடத்தி சித்திதான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அக்காவை விட்டு அகலவில்லை.

இந்த வருடம் சித்தியின் மகள் கங்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கங்கா சுமாவுக்கு ரகசியமாகப் போன் செய்து அழுதாள்.

“அக்கா, பெரியம்மா வந்து துட்டி கேக்காம அந்த வீட்டு வாசல்ல பத்திரிகை வைக்க மாட்டேன்னு அம்மா ஒரே பிடியா நிக்குது. பெரியம்மா இல்லாம எனக்கென்னக்கா கல்யாணம்?”

கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அதற்குள் அத்தையை மூணாறுக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ் ஆகாது. வாடகைக் கார் என்றால், “அந்த டிரைவர் ஓட்டுற ஓட்டத்துக்கு எனக்கு உசிரே போயிரும்” என்றார். எப்படியும் கார் ஒன்று வாங்குவதாகத்தான் நானும் சுமாவும் இருந்தோம். அதை இப்போதே வாங்கி, பதமாக ஓட்டி, அத்தையைக் கொண்டுபோய்விடலாம் என்று சுமா சொன்னாள். நல்ல யோசனை என்று நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையை நானே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

“வாங்குறதுக்கு முன்னாடி நான் உக்காந்து பார்க்குறேன். எனக்கு ஒத்துக்கிட்டா வாங்குங்க” என்றார் அத்தை.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் சந்தின் அகலத்துக்கு நாலு மீட்டருக்குள் அடங்குகிற வண்டிதான் நுழையும். விருச்சிக மாதத்தில் கடல் ஏறி வேலியேற்றம் வந்து காயல் வெள்ளம் தெருவில் நிற்கும்போது தாழ்வான கார் தவளை மாதிரி நீந்த வேண்டியிருக்கும். அதனால் அடிப்பாகம் உயர்ந்த காம்பாக்ட் எஸ்யூவி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மலையாளத்தில் இருக்கிற விமர்சன வீடியோ அத்தனையும் பார்த்து, எந்த இன்ஜின், எந்த கியர், பின்சீட்டுக்கு ஏசி உண்டா என்பதெல்லாம் கரைத்துக் குடித்திருந்தேன். சும்மா ஒரு வார்த்தைக்கு அத்தையைக் கேட்டால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு வெள்ளை வண்டி. ஷோரூம் பெண் கதவைத் திறந்துவிட, அத்தை பின்சீட்டில் ஏறி ராணி மாதிரி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். ஸ்டியரிங் பூப்போலத் திரும்பியது, குழியில் இறங்கி ஏறியதே தெரியவில்லை. எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. தோப்பும்படி பாலத்துக்கு வருவதற்குள் பின்னாலிருந்து குரல்.

“மாப்ள, நிறுத்துங்க.”

ஓரம் கட்டினேன். இறங்கிச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். வாந்தி வரவில்லை. வரப்போகிறது என்றார்.

“சன்னல் கழுத்துக்கு மேல இருக்கு. ரோடே தெரியல. பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு. போதும் மாப்ள, இது வேண்டாம்.”

இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இப்போது வருகிற வண்டிகளில் பாதி, பார்க்க முறைப்பாக இருக்க வேண்டுமென்று பின்சன்னலை மேலே ஏற்றிக் கண்ணைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். உயரம் குறைந்தவர்கள் உட்கார்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும். குடும்பத்தோடு போகிறவர்கள் பின்சீட்டில் உட்கார்ந்தும் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்க வேண்டும். சரி என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது பெரிய சன்னல் உள்ள வண்டி. அது ஆட்டோமேட்டிக். “முன்னால ஒரு தள்ளு, பின்னால ஒரு இழு. உங்க கிடங்குல மூட்டை இறக்குற மாதிரி இருக்கு.” அதுவும் உண்மைதான், கியர் மாறும்போது தலை ஆடியது. அதற்கடுத்து மேனுவல். அதில் புது சீட்டின் வாடை. வாடை போக கூரைச் சன்னலைத் திறந்து காட்டினார்கள். “கூரையில ஓட்டை எதுக்கு? கொச்சியில பெய்யிற மழை போதாதா?” என்று கேட்டார். இன்னொன்றில் அத்தை பெல்ட் போடாததால் கீங் கீங் என்று கத்தியது. “இது என்ன, ஹெல்த் இன்ஸ்பெக்டர் மாதிரி விசில் அடிச்சுக்கிட்டே வருது” என்று இறங்கிவிட்டார். பெல்ட் போட்டால் கத்தாது என்று நானும் சுமாவும் அந்த விற்பனைப் பையனும் மாறி மாறிச் சொன்னோம். “போட்டா நெஞ்சை அடைக்குது” என்றார்.

ஒரு நீல வண்டி எல்லாவற்றிலும் தேறியது. சன்னல் இறக்கமாக இருந்தது, வாடை இல்லை, தள்ளு இல்லை. கலூர் வரை போய்விட்டோம். நான் மனசுக்குள் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நம்பர் பிளேட்டும் மாட்டிவிட்டேன். ஸ்டேடியம் பக்கம் திரும்பும்போது அத்தை, “கதவு சாத்துற சத்தம் எனக்குப் பிடிக்கல. வயித்துல என்னமோ பண்ணுது” என்றார்.

கதவு சத்தத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? நான் நடுரோட்டில் கேட்டுவிட்டேன். சுமா என் தொடையில் கிள்ளினாள். “அம்மாவுக்கு வயசாச்சு, கொஞ்சம் பொறுங்க” என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஷோரூம், ஒவ்வொரு ஷோரூமிலும் ஒரு எலுமிச்சை ஜூஸ், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறை. கல்யாணமோ கிட்டே கிட்டே வந்துகொண்டிருந்தது. கங்கா போன் செய்வதையே நிறுத்திவிட்டாள். ராத்திரி சாப்பாட்டில் நான் வாயைத் திறக்காமல் பிசைந்து பிசைந்து தின்றுவிட்டு எழுவேன். அத்தை ஒன்றும் தெரியாதவர் மாதிரி, “மாப்ளைக்கு இன்னும் ரெண்டு மீன் வை” என்பார். எரிச்சலில் மீன்கூட ருசிக்கவில்லை.

இதற்குள் எங்கள் பகுதியில் இந்தக் கதை பரவிவிட்டது. காளியம்மைக்கு ஒத்துக்கொண்ட வண்டி யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று ஒரு பேச்சு. வேடிக்கை என்று நினைத்தேன். ஒரு நாள் கிடங்குக்குப் பிச்சுமணி வந்தார். செர்லாயில் இருக்கிற ஐயர், எங்கள் முதலாளிக்குக் கணக்கு எழுதுகிறவர். கையில் ஒரு டப்பா லட்டு.

“அனூப், மொதல்ல இதை எடுத்துக்கோ. புது வண்டி புக் பண்ணியாச்சு. எல்லாம் உன் மாமியார் புண்ணியம்.”

“அவங்க என்ன பண்ணாங்க?”

“எங்காத்துக்காரிக்கும் கார்ல தலைசுத்தல் உண்டு கேட்டியா? அதான், உங்க காளியம்மையைக் கூட்டிண்டு போய்ப் பாக்கலாம்னு தோணித்து. களமசேரி வரைக்கும் போயிட்டு வந்தோம். ஒரு அசைவும் இல்லை. வழி முழுக்க எங்காத்துக்காரியோட பேச்சும் வர்த்தமானமும்தான். நேந்திரங்கா சிப்ஸ் ஒரு பாக்கெட் தீர்ந்தது. ரெண்டு பேரும் ஸுகமா வந்து இறங்கினா.”

“எந்த வண்டி?” என்று கேட்டேன்.

எந்த வண்டியென்று சொன்னார். தோப்பும்படி பாலத்துக்கு வருவதற்குள் ரோடு தெரியவில்லை, பெட்டிக்குள் மூடின மாதிரி இருக்கிறது என்று சொல்லி அத்தை என்னை ஓரம் கட்டவைத்தாரே, அதே வெள்ளை வண்டி. அதே மாடல், அதே சன்னல். கையிலிருந்த லட்டை டப்பாவிலேயே திருப்பி வைத்தேன். விசாரித்ததில் பிச்சுமணி மட்டுமில்லை, இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களோடும் அத்தை போய் வந்திருக்கிறார். எங்கும் வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. அந்த வயிறு என்னுடைய வண்டியில் மட்டும்தான் புரளுமாம்!

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போன வேகத்தை நினைத்தால் எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அத்தை பின்கட்டில் உட்கார்ந்து மத்தி மீன் உரசிக்கொண்டிருந்தார். சுமா கப்பைக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, பிச்சுமணி சார் வண்டியில களமசேரி போனீங்களா?”

அடுத்த மத்தியை எடுத்தார். “போனேன். கூப்பிட்டாரு.”

“வாந்தி வரலையா?”

“அன்னிக்கு வரல.”

“எங்களோட அதே வண்டியில ஏறினப்ப வந்துச்சே?”

“அன்னிக்கு வந்துச்சு.”

சுமா கரண்டியோடு வந்து நின்றாள். எனக்கு அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. “எங்களை என்னன்னு நெனச்சீங்க அத்தை? ஒவ்வொரு ஷோரூமிலயும் நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன். அந்தப் பிள்ளை அங்க மலையில அழுதுக்கிட்டு இருக்கு. உங்களுக்கு எந்த வண்டியும் பிடிக்காதுன்னா நேரா சொல்லிருங்க.”

அத்தை மீன் சட்டியைத் தள்ளிவைத்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

“வண்டி பிடிச்சா மட்டும் என்ன? புதுசா எடுத்து, மாலை போட்டு, பூசை போட்டு, அந்த வண்டியை மொத மொதல்ல துட்டி வீட்டுக்கா ஓட்டுவாங்க? சொல்லுங்க. உங்க அம்மாகிட்ட போன் போட்டுக் கேளுங்க. விளங்குமா?”

“மொதல்ல கோயிலுக்குப் போயிட்டு அப்புறம் போவோம்.”

“பூசை போட்ட வண்டியை மூணு மாசத்துக்குக் கெட்டதுக்கு எடுக்கக்கூடாது. எங்க அப்பா சொல்லுவாரு.”

அவருடைய அப்பா வாழ்நாளில் சைக்கிள்கூட வாங்கியதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சுமா கண்ணால் வேண்டாம் என்றாள். மூணு மாதம் என்றால் கல்யாணம் முடிந்து கங்கா மறுவீடே வந்துவிடுவாள். சட்டையை மாட்டிக்கொண்டு சாயா குடிக்க வெளியே போய்விட்டேன். வீட்டில் இருந்தால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சாயாக் கடையில் நிற்கும்போது போன் அடித்தது. சுதீர். அந்த நீல வண்டி ஷோரூமில் வேலை பார்க்கிற பையன். மாதக் கடைசி வந்தால் அவனுக்கு என் ஞாபகம் வந்துவிடும். “சேட்டா, அம்மச்சிக்கு வேறென்ன பார்க்கணும்? நான் எத்தனை தூரம் வேணும்னாலும் டெஸ்ட் டிரைவ் ஏற்பாடு பண்ணித் தர்றேன்” என்று மலையாளத்தில் கெஞ்சினான்.

“எத்தனை தூரம் வேணும்னாலுமா?” என்று கேட்டேன்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. டெஸ்ட் டிரைவ் வண்டி எங்கள் வண்டி இல்லை. அதற்கு நாங்கள் மாலை போடவில்லை, பூசை போடவில்லை. அதில் ஏறி எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் புது வண்டிக்கு ஒரு தோஷமும் வராது. “சுதீர், வண்டி மலை ஏறுமான்னு பார்க்கணும். மூணாறு வரைக்கும்” என்றேன். பக்கத்தில் எங்காவது ஏற்றம் போதாதா என்று இழுத்தான். போதாது என்றேன். மேனேஜரைக் கேட்டுவிட்டு, கூட அவனும் வருவதாகச் சொல்லி ஒப்புக்கொண்டான். துட்டி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். “அதினெந்தா சேட்டா, அதுக்கென்ன” என்றான். நல்ல பையன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அடுத்த சாக்கு எங்கிருந்து வரப்போகிறதென்று. ஒன்றும் வரவில்லை. மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வண்டி மலை ஏறுமான்னு பார்க்கத்தானே போறோம்?” என்றார்.

“ஆமா அத்தை. அதுக்குத்தான்.”

“அப்ப சரி.”

அடுத்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். நான் ஓட்ட, சுதீர் பக்கத்தில். பின்னால் அத்தையும் சுமாவும். வாந்தி எடுத்தால் ஏந்துவதற்குப் பாலிதீன் பை, எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், துண்டு எல்லாம் சுமா எடுத்து வைத்திருந்தாள். கோதமங்கலம் வரை சுதீர் வாய் ஓயவில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ், ஆறு ஏர்பேக், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி என்று ஒப்பித்துக்கொண்டே வந்தான். அத்தை ஒரு குறைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேரியமங்கலம் பாலம் தாண்டினோம். மலை தொடங்கியது. கொஞ்ச தூரத்தில் ஒரு சாயாக் கடை வந்தது.

“அந்தக் கடைதான்” என்றார் அத்தை. கடை பின்னால் போகும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி எந்த நிமிடமும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். வளைவு மேல் வளைவு. வண்டியைப் பற்றிச் சொல்வதானால், நாலு பேரும் ஏசியும் சேர்ந்தால் இந்தச் சின்ன இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது, கொண்டைஊசி வளைவில் இரண்டாவது கியருக்கு இறங்காமல் முடியாது. பிரேக் நல்ல பிரேக். வளைவில் சாய்கிறது, ஆனால் பயப்படும்படி இல்லை. சீயப்பாறை அருவி தாண்டியதும் பின்னால் ஓக் என்று சத்தம் கேட்டது. பிரேக் அடித்தேன்.

வாந்தி எடுத்தது சுமா. காலையில் புட்டும் கடலையும் வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. அத்தைதான் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவி, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார். அடிமாலியில் இன்னொரு தடவை. அப்போதும் சுமாதான். அத்தை கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். சுதீர் என்னைப் பார்த்தான், நான் சுதீரைப் பார்த்தேன். இந்த வயிற்றை நம்பியா இத்தனை ஷோரூம் ஏறி இறங்கினேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எஸ்டேட் லயன் வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். தகரக் கூரை, வரிசையாகக் கதவுகள். கங்கா எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். மாடத்தி சித்தி வாசலுக்கு வந்தார். துட்டிக்கு வருகிறவர்களை எங்களில் வா என்று கூப்பிடுவதில்லை. சித்தியும் கூப்பிடவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை கார்க் கதவைத் திறந்து கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. “அம்மா, இறங்கும்மா” என்று சுமா தோளைத் தொட்டாள்.

இறங்கினார். நாலு எட்டு நடந்தார். அப்புறம் ஒரே ஓட்டமாகப் போய்த் தங்கையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சித்தி கையைத் தூக்கவில்லை. மரம் மாதிரி நின்றார். அத்தை அவர் தோளில் முகத்தை வைத்து, இறந்துபோனவரை முறைவைத்துச் சொல்லிச் சொல்லி அழுதார். சாவு வீட்டில் அன்றைக்கே அழுதிருக்க வேண்டிய அழுகை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். வெகு நேரம் கழித்துச் சித்தியின் கை மெல்ல எழுந்து அக்காவின் முதுகில் விழுந்தது. அதற்கப்புறம் யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

அழுது ஓய்ந்து இருவரும் வாசல்படியில் உட்கார்ந்தார்கள். சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“ஏன்க்கா வரல?”

“வண்டி ஒத்துக்கலடி. வழியிலேயே வாந்தி. உனக்குத்தான் தெரியுமே.”

“தெரியும். அன்னிக்கு எடுத்தே. சரி. அதுக்கப்புறம் ரெண்டு வருசமாவா வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தே?”

அத்தை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.  

“எனக்கு ஒண்ணுன்னப்ப நீ மொத ஆளா வந்து நின்னே. உனக்கு ஒண்ணுன்னப்ப நான் பாதி வழியில படுத்துக்கிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர? நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம்னு தள்ளிப் போட்டேன். தள்ளத் தள்ள இன்னும் பயமாயிருச்சு. உன் மொகத்தைப் பார்க்கப் பயமாயிருச்சு மாடத்தி.”

“என் மொகத்துக்கு என்ன? நீ இடுப்புல தூக்கி வளத்த மொகம்தானே?” என்றார் சித்தி. கோபமாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே தன் தலைப்பால் அக்காவின் முகத்தைத் துடைத்தார்.

என் ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அத்தை என்னை ஏமாற்றவில்லை. ஒவ்வொரு காரிலும் இந்த வாசல்தான் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறது. பிச்சுமணியின் கார் இங்கே வரப்போவதில்லை, அதனால் அதில் சிப்ஸ் இறங்கியது. எங்கள் கார் இங்கேதான் வரும், அதனால் வயிறு புரண்டது. அந்தப் புரட்டல் பொய்யும் இல்லை, இனித் தப்ப வழியில்லை என்றானதும்தான் அடங்கியிருக்கிறது. இது புரியாமல் பின்சன்னலின் உயரத்தை நான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

துட்டிக்குப் போனவர்கள் திரும்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. அத்தை பேசாமல் எழுந்து வந்து காரில் ஏறினார். சுமாவும் ஏறினாள். நான் சாவியைத் திருகினேன். சித்தி வாசலிலிருந்து இறங்கி விறுவிறுவென்று வந்து கார்க் கதவைப் பிடுங்கித் திறந்தார்.

“எங்க கெளம்புறே?”

“துட்டி கேட்டாச்சுல்ல. போகணுமே.”

“துட்டி கேட்டாச்சு. அதோட அது முடிஞ்சுபோச்சு. கல்யாணத்துக்கு மாவு இடிக்க, பந்தல்ல நிக்க, பொண்ணுக்குத் தலை பின்ன எனக்கு யாரு இருக்கா? அவரு இருக்காரா? எறங்கு. கல்யாணம் முடியிற வரைக்கும் இங்கதான் கெடக்கணும் நீ. பத்திரிகையை இங்கயே உன் கையில தர்றேன், கொச்சிக்கு வந்து வைக்க எனக்கு நேரமில்ல.”

மாற்றுத் துணி இல்லை, மாத்திரை இல்லை என்று சுமா ஆரம்பித்தாள். “என் சேலையைக் கட்டிக்கிடும்” என்றார் சித்தி. அத்தை ஏற்கெனவே ஒரு காலைக் கீழே வைத்துவிட்டார்.

சுதீர் என் காதில் கிசுகிசுத்தான். “சேட்டா, வண்டி அம்மச்சிக்கு இஷ்டப்பட்டோ? ஒண்ணு கேட்டுப் பாருங்க.” அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறான், பின்சீட்டை வேறு கழுவ வேண்டும்.

“அத்தை, ஒரு நிமிசம்” என்றேன். “வண்டி எப்படி இருக்கு? பிடிச்சிருக்கா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

அத்தை திரும்பி, நான் ஏதோ தெரியாத பாஷையில் கேட்ட மாதிரிப் பார்த்தார்.

“எனக்கு எப்படித் தெரியும் மாப்ள? இவ என்ன சொல்லுவாளோ, வாசல்லயே நிறுத்திருவாளோன்னு வழி முழுக்க அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். வண்டியை நான் எங்க பார்த்தேன்?”

சொல்லிவிட்டுத் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போய்விட்டார்.